கண்ணைக் கோட்டைவிடச் சுலபமான வழிகள்: கிணத்துக்கடவு வட்டாரச் சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு கையேடு

சர்க்கரை வந்தவர்களுக்கெல்லாம் கண் போய்விடுவதில்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம். பிற்பாடு ஏமாந்துவிட்டோம் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது. நாற்பது வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களை நாடு முழுக்கப் பரிசோதித்து 2022-ல் வெளியான 'ஸ்மார்ட் இந்தியா' ஆய்வில், எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு இருந்தது. பார்வைக்கே ஆபத்து என்ற கட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர். ஆக, போட்டி கடுமைதான். ஆனாலும் மனம் தளர வேண்டாம். வருஷம் ஏற ஏற வாய்ப்பும் ஏறும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில் பார்த்தபோது, சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விழித்திரை ஏதோ ஓர் அளவில் கெட்டிருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார்.

இதற்கென்று தனியாகப் பாடுபட வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. சும்மா இருந்தால் போதும். ஆனால் ஒழுங்காகச் சும்மா இருக்க வேண்டும். நடுவில் யாராவது வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் பத்து வருஷப் பாடு வீண். அதற்குத்தான் இந்தக் கையேடு.

மூல மந்திரம்

"எனக்கு நெம்ப நல்லாத் தெரியுதே!"

இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்பவர்கள் மீதிப் பக்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. மந்திரத்தின் பலம் என்னவென்றால், அது பொய் இல்லை. நிஜமாகவே நன்றாகத்தான் தெரியும். கடைசி வரைக்கும் தெரியும்.

தோட்டத்தில் சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். போர்த் தண்ணியில் உப்பு ஏறினால் சில துளைகள் அடைத்துக்கொள்ளும். சில இடத்தில் குழாய் உப்பி, வெடிப்பு விட்டுக் கசியும். ஆனால் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் தோப்பு பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். விழித்திரைக்குள் ஓடும் மயிரிழை ரத்தக்குழாய்களுக்குச் சர்க்கரை செய்வதும் இதுதான். குழாயின் சுவர் பலம் இழந்து ஊசிமுனை அளவுக்கு உப்புகிறது, கசிகிறது, சில இடத்தில் அடைத்தே போகிறது. ரத்தம் கிடைக்காத பகுதி, புதுக் குழாய் போடச் சொல்லி ரசாயனமாக ஆள் அனுப்புகிறது. புதுக் குழாயும் முளைக்கிறது; தரம்தான் இல்லை. தொட்டால் உடைகிற ரகம். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது வலி கிடையாது, சிவப்பு கிடையாது, கண்ணில் தண்ணீர் வடிவது கிடையாது. விழித்திரையின் நடுவில் 'மாக்குலா' என்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. எழுத்துப் படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்த வட்டத்தின் தயவில்தான். கசிவு அங்கே எட்டாத வரைக்கும் சுற்றுவட்டாரம் முழுக்கக் கெட்டுப்போயிருந்தாலும் பேப்பரின் பொடி எழுத்து படிக்க வரும்.

தக்காளி மார்க்கெட்டில் காதில் விழுகிற பேச்சையே உதாரணமாகக் கொள்ளலாம்.

"ஏனுங் மாமா, சக்கரை வந்து எத்தன வருசமாச்சுங்? கண்ணுக்குப் பாத்தீங்களா?"

"எதுக்கு மாப்ளே? அதா, மேம்பாலத்து மேல போற பஸ்ஸு நெம்பரச் சொல்லட்டா?"

நெம்பரும் சரியாகவே சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை வாயடைத்துப்போனார். இப்படித்தான் ஜெயிக்க வேண்டும்.

முதல் வருஷத்தைத் தாண்டுவது

ஆபத்து எல்லாம் முதல் வருஷத்தில்தான். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை, ரத்தப் பரிசோதனையில் அகப்படுவதற்குப் பல வருஷம் முன்பே உடம்பில் குடியேறியிருக்கும். அதனால் சர்க்கரை இருப்பது தெரிந்த உடனேயே கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். சின்ன வயதிலேயே இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் ஐந்து வருஷம் தவணை உண்டு. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் தவணையே கிடையாது, முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும். கர்ப்பத்தில் விழித்திரை வேகமாக மோசமாகலாம்.

இந்தப் பேச்சை டாக்டர் எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரைப் பெயரையே பார்த்துக்கொண்டிருக்கவும். வெளியே வந்ததும் மாத்திரையை மட்டும் வாங்கவும். கண் என்று எழுதியிருக்கும் வரி மருந்துக்கடையில் செல்லாது. ஆகவே அது நமக்கான வரி இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம். அதையும் நம் வசத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம்: மாத்திரையே திண்ணைக்கு வந்துவிட்டது, இனி எதற்கு ஆஸ்பத்திரிப் படி ஏறுவது?

அஸ்கா, நாட்டுச்சர்க்கரை, மூன்று நாள் தவம்

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துவிட்டால் விழித்திரை கெடுவது வருஷக்கணக்கில் தள்ளிப்போகும். இங்கிலாந்தில் இருபது வருஷம் நடந்து 1998-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு இதை நிரூபித்துத் தொலைத்துவிட்டது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் ஒரே ஒரு புள்ளி குறைந்தால், கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்குழாய் கெடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பிரஷரை இறுக்கிப் பிடித்தவர்களுக்கும் விழித்திரை மோசமாவது அதே அளவு குறைந்தது. எனவே இரண்டையும் அதனதன் இஷ்டத்துக்கு விட்டுவிடவும்.

அதற்காக வெளிப்படையாக லட்டு தின்ன வேண்டும் என்பதில்லை. கௌரவமான வழிகள் நம் ஊரில் நிறைய. அஸ்காவை விட்டுவிட்டேன் என்று அறிவித்துவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறவும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான் போகிறது. முருகனுக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளாதா? பேக்கரியில் "டீ, சக்கரை இல்லாம" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லவும். கூடவே தேங்காய் பன் ஒன்றை ஓசைப்படாமல் கை நீட்டி எடுத்துக்கொள்ளவும். கல்யாணப் பந்தியில் ஒப்புட்டு விழுந்தால் எடுத்து வைப்பது ஒறம்பரைக்கு மரியாதை இல்லை. சந்தகைக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றியது அம்மச்சி காலத்து ஆரோக்கிய உணவு. அதில் சர்க்கரை ஏறாது. ஏறுகிறது என்று மிஷின் சொன்னால் மிஷினில் கோளாறு.

ரத்தம் கொடுக்கப் போவதற்கு மூன்று நாள் முன்னால் தவத்தில் இறங்கவும். ராகிக் களி, பாகற்காய், வெடியால எழுந்து பொன்மலைப் படிக்கட்டு ஏறி இறங்குவது. நாலாம் நாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகான எண்ணாக வந்து நிற்கும். அதை வாட்ஸாப்பில் மகனுக்கு அனுப்பிவிட்டு நேராகப் பேக்கரி. இதில் ஒரே எதிரி அந்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைதான். ரத்தச் சிவப்பணு தன் ஆயுள் முழுக்கத் தன்மேல் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைக் கணக்கு வைத்துக்கொண்டே திரிகிறது. மூன்று நாள் தவத்துக்கெல்லாம் மயங்காது. அந்தப் பரிசோதனையை "அது வேண்டாமுங்க, செலவு சாஸ்தி" என்று தட்டிக்கழிக்கவும்.

கண்ணாடிக்கடை வைத்தியம்

எப்போதாவது மனச்சாட்சி உறுத்தினால் நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போகவும். உள்ளே ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்வார்கள். தூரத்தில் ஒரு படம் மங்கித் தெளியும். கிர்ரென்று ஒரு சீட்டு வரும். "கம்ப்யூட்டர் செக்கப் பண்ணியாச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். அந்த மிஷின் அளந்தது கண்ணாடிப் பவரை மட்டும்தான். கண்ணுக்குப் பின்சுவரில் இருக்கிற விழித்திரையை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நமக்கு வேண்டியதும் அதுதானே.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் ஊறி வற்றும், பவரும் கூடவே மாறும். ஆடியில் எடுத்த கண்ணாடி ஐப்பசியில் ஒத்துவராது. உடனே கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு கடையில் வேறு கண்ணாடி எடுக்கவும். மேஜை டிராயரில் நாலு கண்ணாடி சேர்ந்த பிறகும் யாருக்கும் சந்தேகம் வராது. பணம் செலவழித்துக் கண்ணைக் கவனித்துக்கொள்கிறார் என்று பெயரும் கிடைக்கும்.

பொரை என்னும் பொன்னான சாக்கு

இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். கொங்கு நாட்டில் கண்ணைக் கோட்டைவிட்டவர்களில் பலருக்குக் கை கொடுத்தது இதுதான்.

1976 நம் முயற்சிக்கு மோசமான வருஷம். அந்த வருஷம்தான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே வருஷம் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. அதே வருஷம் அமெரிக்காவில், சர்க்கரையால் கெட்ட விழித்திரைக்கு லேசர் வைத்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மூன்றும் சேர்ந்து நம்மை ஒழித்துக்கட்டியிருக்க வேண்டும். ஒழிக்கவில்லை. காரணம் சுவாரசியமானது.

அதற்குப் பிறகு வந்த நாற்பது சொச்சம் வருஷத்தில் நம் ஊர்களுக்குக் கண் முகாம்கள் வந்த வண்ணம் இருந்தன. பள்ளிக்கூடத்தில், கல்யாண மண்டபத்தில், சங்கக் கட்டடத்தில் பந்தல் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, பொரை விழுந்த கிழவர்களையும் கிழவிகளையும் பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். அவிநாசி ரோட்டில் அரவிந்த், சத்தி ரோட்டில் சங்கரா என்று இந்த வேலைக்கே பேர்போன ஆஸ்பத்திரிகள். நான் பார்க்க, சுவரைத் தடவிக்கொண்டு பஸ் ஏறிய அப்பாரு ஒருவர், திரும்பி வந்து கட்டுத்தரையில் எந்த மாடு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஊரே வாயைப் பிளந்தது.

அந்த முகாம்கள் கொடுத்த வெளிச்சம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவற்றிலிருந்து ஊர் ஒரு பாடத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டது: கண் மங்கினால் பொரை, பொரை நன்றாக முற்றட்டும், முற்றியதும் ஆபரேஷன், மறுநாள் கட்டுப் பிரித்தால் பார்வை. மங்குவதற்குக் காத்திருக்கலாம், மங்கியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு தலைமுறை நம்பிவிட்டது. பொரைக்கு அது சரி. முன்னால் இருக்கிற லென்ஸ் வெளுத்தால் கழற்றிவிட்டு வேறு வைக்கலாம். பின்னால் இருக்கிற விழித்திரைக்கு மாற்றுச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. அங்கே செத்த நரம்பு செத்ததுதான்.

இந்தக் குழப்பத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ளவும். மங்கலாக இருக்கிறதா? "பொரையா இருக்கும். முத்தட்டும்." டார்ச் அடித்துப் பார்ப்பவர் பொரை இல்லை என்றால் இன்னும் நல்லது: "பாத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க." டார்ச் வெளிச்சத்தில் விழித்திரைக் கசிவு தெரியாது. கண்ணுக்குள்ளே எட்டிப் பார்க்க ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் 1851-லேயே ஒரு கருவி கண்டுபிடித்தாயிற்று என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பஞ்சாங்கம் பார்த்துத் தள்ளிப்போடுதல்

ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறிக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது. நாள் பார்க்கலாம் என்று பஞ்சாங்கத்தை எடுக்கவும். சித்திரையில் வெயில், மருந்து விட்ட கண்ணோடு வெளியே வர முடியாது. வைகாசியில் கல்யாணங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கண் முழுக்கத் தூசி. போதாததற்கு ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணியில் மறுபடி முகூர்த்தம், ஒறம்பரை. ஐப்பசியில் தீபாவளியும் மழையும். கார்த்திகையில் மாலை போட்டாயிற்று. தையில் பொங்கல் நோம்பி, அது முடிந்தால் பழனிக்கு நடை. இடையில் நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை தேங்காய் போட ஆள் வரும். அன்றைக்கு நகர முடியாது. தக்காளி விலை ஏறினால் மார்க்கெட்டை விட்டு வர முடியாது, இறங்கினால் கையில் காசு இல்லை. எல்லாம் கூடிவந்த ஒரு நாளில், பஸ் ஊருக்குள் வராமல் மேம்பாலத்து மேலேயே போய்விட்டது என்று வீடு திரும்பவும்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கோவைக்குள்ளேயே திருச்சி ரோட்டில் இருக்கிறது, அங்கே பார்க்கக் காசு இல்லை என்று யாராவது சொன்னால், "அங்க கூட்டமுங்க." தனியார் ஆஸ்பத்திரி என்றால், "அங்க காசுங்க." இரண்டும் தயாராக இருக்கட்டும்.

லேசரைப் பற்றி அவதூறு பரப்புதல்

நாம் மட்டும் கெட்டால் போதாது; அக்கம்பக்கமும் கெட வேண்டும். அதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

லேசர் வேலை செய்கிற விதத்திலேயே நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்துத்தான் மேயர்-ஷ்விக்கராத் என்ற ஜெர்மன் டாக்டருக்கு 1940-களில் இந்த யோசனை வந்தது: சூடு தழும்பாகிறது என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சுட்டால் என்ன? இன்றைக்கு லேசர் செய்வதும் அதுதான். ரத்தம் கிடைக்காமல் 'குழாய் போடு' என்று கத்திக்கொண்டிருக்கும் ஓரப் பகுதியைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு வாயை மூட வைக்கிறார்கள். முரட்டுக் குழாய்கள் வாடுகின்றன, நடுப் பார்வை பிழைக்கிறது. ஓரப் பார்வையும் ராத்திரிப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். போன பார்வையை லேசர் கொண்டுவருவதில்லை. இருப்பதைக் காவல் காக்கிறது. மாக்குலாவில் நீர் கோத்தால் கண்ணுக்குள்ளேயே ஊசி மருந்து போடுகிறார்கள், அதுவும் ஒரு தடவையோடு முடியாது. கேட்பதற்குப் பயமாகத்தான் இருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுகிறார்கள், சில நொடி வேலை என்பதையெல்லாம் கதைக்கு நடுவில் சொல்லி ருசியைக் கெடுக்க வேண்டாம்.

கதை இப்படி ஓட வேண்டும். ஒருவர் பத்து வருஷம் இந்தக் கையேட்டின்படி நடந்தார். ஒரு கண் முக்கால்வாசி போன பிறகு மகள் அழுது இழுத்துப்போனாள். மிச்சத்தைக் காப்பாற்ற டாக்டர் லேசர் வைத்தார். மிச்சம் பிழைத்தது. ஆனால் போனது வரவில்லை. ஊருக்குள் வந்து அவர் சொன்னது: "லேசர் வெச்சுத்தான் கண்ணு போச்சுங்க." பத்து வருஷத்தை அவரும் மறந்துவிட்டார், கேட்டவர்களும் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் டீக்கடை டீக்கடையாகப் போய், இன்னும் கண் கெடாத ஆறு பேரை வீட்டிலேயே உட்கார வைத்தது. கண் ஆஸ்பத்திரிக்கு எதிராக இத்தனை மலிவான விளம்பரம் வேறு இல்லை. சீக்கிரமே போய் லேசர் வைத்துக்கொண்டவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை யார் கதையாகச் சொல்வார்கள்?

உஷார்

சில நாடுகள் இந்தக் கலையையே அழித்துவருகின்றன. இங்கிலாந்தில் சர்க்கரைக்காரர் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டுக் கூப்பிட்டு விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். விளைவு, உழைக்கிற வயதில் பார்வை பறிபோகும் காரணங்களில் ஐம்பது வருஷமாக முதலிடத்தில் இருந்த சர்க்கரை அங்கே அந்த இடத்தை இழந்துவிட்டது. 2014-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் 'நயனாமிர்தம்' என்று பெயர் வைத்து ஆரம்ப சுகாதார மட்டத்திலேயே படம் எடுக்கிறார்கள். தக்காளி வாங்க வருகிற கேரள வியாபாரிகளிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரும் எதிர்க்கட்சிதான். கூகுள்காரர்கள் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல் ஒன்று, சர்க்கரைப் பாதிப்பைக் கண் டாக்டர்களுக்கு நிகராகக் கண்டுபிடிக்கிறது என்று 2016-ல் அறிவித்தார்கள். அந்த ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. 2019-ல் மதுரையில் நோயாளிகளிடமே அதைப் பயன்படுத்தவும் தொடங்கினார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு கெட்டிக்கார மிஷினாக இருந்தாலும், அதன் முன்னால் தாடையை வைக்கிற வேலை இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

கறுப்பு நூல் தெரியும் நாளில்

ஒரு நாள் வெடியால எழுந்தால், ஒரு கண்ணில் கறுப்பு நூல் மிதக்கும். கண்ணைத் திருப்பினால் கூடவே திரும்பும். சிலருக்கு மசி கரைந்தது மாதிரி, சிலருக்குச் சிவப்பாகப் புகை. தரமில்லாத குழாய்களில் ஒன்று உடைந்து, கண்ணின் நடுக் குழம்பில் ரத்தம் கலந்திருக்கிறது. வலி இப்போதும் இருக்காது.

முடிவை நெருங்கிவிட்டீர்கள், இங்கே சொதப்பக் கூடாது. அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் ஓடினால் லேசர், ஊசி, தேவைப்பட்டால் ரத்தத்தை உறிஞ்சியெடுக்கும் ஆபரேஷன் என்று பலதும் செய்து நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள். எனவே இன்னொரு கண்ணை வைத்துச் சமாளிக்கவும். மருந்துக்கடையில் ஏதாவது ஒரு சொட்டு மருந்து கேட்டு வாங்கவும். நந்தியாவட்டைப் பூவை ராத்திரி கண்மேல் வைத்துக் கட்டவும். இரண்டு வாரத்தில் ரத்தம் தானாகவே வடிந்து நூல் மறையலாம்; மறைந்தால் மந்திரத்தை மறுபடி சொல்லவும்: "நெம்ப நல்லாத் தெரியுது." உள்ளே தழும்பு இழுத்து விழித்திரையைச் சுவரிலிருந்து பெயர்க்கும் வேலையை அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும்.

தப்பித்தவறிப் போய்விட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலரை வீட்டார் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே நடப்பதையும் சொல்லிவைக்கிறோம். உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, சீட்டுப் போட்டு உட்கார்ந்தால், ஒரு நர்ஸ் அம்மிணி வந்து தலையை அண்ணாத்தச் சொல்லிக் கீழிமையை இழுத்துச் சொட்டு விடும். சுருக்கென்று எரியும். "கண்ணை மூடிக்குங்கய்யா, தொறக்கக் கூடாது." கால் மணி கழித்து மறுபடி ஒரு சொட்டு. கண்பாப்பா பெரிதாகப் பெரிதாகக் கையிலிருக்கிற சீட்டே படிக்க வராது. வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தக்காளி விலை பேசிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் இருட்டறை, தாடைக்கு ஒரு தாங்கி, பளீரென்று ஒரு வெளிச்சம். ஒரு நிமிஷத்துக்கு எங்கே பார்த்தாலும் நிறம் நிறமாக ஒரு வட்டம் கூடவே வரும். படம் எடுத்தாயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, "ஆரம்பக் கட்டத்துல லேசா இருக்குதுங்க. இப்பத்திக்கு ஊசி, லேசர் ஒண்ணும் வேண்டாம். சக்கரையையும் பிரஷரையும் புடிச்சு வெச்சுக்குங்க. அடுத்த வருசம் இதே மாசம் வாங்க" என்பார். அவ்வளவுதான். நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, வெயிலைப் பார்க்க முடியாது. அதனால்தான் கூட ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள்.

கூட வந்த ஆள் அநேகமாக உங்கள் வீட்டம்மாவாக இருப்பார். மஞ்சப்பை, தண்ணி பாட்டில், உங்கள் கண்ணாடி, உங்கள் சீட்டு எல்லாம் அவர் மடியில் இருக்கும். அவருக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரையில் பாதி நாள் நீங்கள் மீதி வைத்ததைத்தான் போட்டுக்கொள்கிறார். இந்தக் கையேட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இதில் உள்ள ஒவ்வொரு பாடத்திலும் உங்களைவிட மார்க் அதிகம்.

நர்ஸ் அம்மிணி வாய் சும்மா இருக்காமல், "ஏம்மா, உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்களா? வந்ததோட நீங்களும் சொட்டு விட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுவிடக்கூடும். பதற வேண்டாம். நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. பதிலை அவரே சொல்லிவிடுவார்.

"எனக்கென்னங் கண்ணு, நல்லாத்தானே தெரியுது. ரெண்டு பேத்துக்கும் மருந்து விட்டுட்டா இவங்கள ஆரு கூட்டிட்டுப் போறது? பொழுதோட போயி மாடு பீச்சோணும். அடுத்த வாட்டி பாத்துக்கலாமுங்."